நடுநிலைக் கண்

தேவமலரின் விதைக்கிழங்குகளைக் காட்டுப்பன்றிகள் கிளறித் தின்றது ஏப்ரலில். அதற்காக றோட்டன்பாக் வேட்டையாளர் சங்கம் தன் ஆழ்ந்த கவலையைத் தெரிவித்தது மே மாதத்தில். இடைப்பட்ட நாட்களில் பன்றிகள் கவலைப்பட்டுக்கொண்டு இருக்கவில்லை. கரட் பாத்தியையும் முடித்துவிட்டிருந்தன.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு அது. ஆஹென் நகரத்துக்குத் தெற்கே, பேருந்து கடைசியாகத் திரும்புகிற இடத்துக்கும் அப்பால், காட்டை ஒட்டி ஒரு துண்டு நிலத்தைத் தேவமலரும் கணவர் சில்வெஸ்டரும் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். அதற்கு முன் பல வருடம் பிஸ்கட் தொழிற்சாலையில் ஓடிவரும் பிஸ்கட்டுகளில் உடைந்ததைப் பொறுக்கிப் போடுவதுதான் அவள் வேலை. ஒருநாள், "இனி ஏலாது, மண்ணிலை கை வைக்கப் போறன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். கிழங்கு, சோளம், பூசணி, பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் மிளகாயும் கீரையும் போட்டுத் தமிழ்க் கடைகளுக்குக் கொடுப்பதாகத் திட்டம். சில்வெஸ்டர் ஒரு வருடம் பார்க்கலாம் என்றார். விளைந்தால் வயல், விளையாவிட்டால் திரும்பவும் பிஸ்கட்.

அந்தக் காட்டிலும் அதை ஒட்டிய வயல்களிலும் சுடுகிற உரிமை சங்கத்துக்கு மட்டுமே உண்டு. பன்றிக்கு ஒரு கல்லெறிவதென்றாலும் சங்கத்தைக் கேட்டுவிட்டு எறிவது நல்லது என்று பக்கத்து வயல்காரர் சொன்னார். ஆகவே அவள் கேட்கப் போனாள்.

சங்கத்தின் மண்டபத்தில் சுவர் தெரியாத அளவுக்கு மான்கொம்புகள். மேசையைச் சுற்றிப் பச்சைச் சட்டை போட்ட பன்னிரண்டு பேர். தலைமையில் ஹெர் டொக்டர் கிறோனெவால்ட், ஓய்வுபெற்ற பல் வைத்தியர். அவருடைய தொப்பியில் முகச்சவரத் தூரிகை போல ஒரு மயிர்க்கற்றை நின்றது.

"உங்கள் பெயர்?"

"தேவமலர் சில்வெஸ்டர்."

மேசையைச் சுற்றி ஒரு சிரிப்பு ஓடியது. ஜெர்மன்காரருக்கு சில்வெஸ்டர் என்றால் ஆண்டின் கடைசி நாள். திருமதி டிசம்பர் முப்பத்தொன்று தங்கள் முன் நிற்பதில் அவர்களுக்கு ஒரு மகிழ்ச்சி. தேவமலருக்கு இது பழகிப்போயிருந்தது. சிரித்து முடியட்டும் என்று காத்திருந்துவிட்டு, தன் தொழிற்சாலை ஜெர்மனில் விஷயத்தைச் சொன்னாள்.

"என்ர வயலைப் பண்டி தின்னுது. நீங்கள் வந்து சுடவேணும்."

டொக்டர் கண்களை மூடிக்கொண்டார். பல்லைப் பிடுங்குவதற்கு முன் அவர் அப்படித்தான் செய்வாராம்.

"ஃபிராவ் சில்வெஸ்டர், சுடுவது எளிது. பொறுப்போடு சுடுவதுதான் பண்பாடு. பொறுப்பின் முதற்படி தூரம். எத்தனை மீட்டரில் நிற்கிறது என்று தெரியாத விலங்கை நோக்கி இந்தச் சங்கம் இனி ஒரு குண்டும் அனுப்பாது. இது சென்ற ஆண்டின் தீர்மானம்."

தீர்மானம் எப்படி வந்தது என்பதைப் பக்கத்தில் இருந்தவர் அவள் காதில் சொன்னார். சென்ற ஆண்டு உபதலைவர் ஹெர் லெனார்ட்ஸ், சாரதிப் பயிற்சிப் பள்ளி நடத்துபவர், மேட்டில் நின்ற பன்றியைக் குறிபார்த்தார். தூரத்தைக் கூட்டிக் கணித்துவிட்டார். குண்டு பன்றியின் முதுகுக்கு மேலாகப் போய் நகரத் தலைவரின் சுற்றுலா வண்டியில் தண்ணீர்த் தொட்டியைத் துளைத்தது. வண்டிக்குள் யாரும் இல்லை. பன்றி பிழைத்தது. நகரத் தலைவரின் இத்தாலிப் பயணம் பிழைக்கவில்லை.

அன்றிலிருந்து சங்கம் தூரம் காட்டும் பைனாகுலர் ஒன்றைத் தேர்ந்துகொண்டிருந்தது. கண்ணில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் கண்ணுக்குத் தெரியாத ஒளி போய்ப் பட்டுத் திரும்பி, இத்தனை மீட்டர் என்று சிவப்பு எழுத்தில் காட்டும். இரண்டு இறுதிச் சுற்றுக்கு வந்திருந்தன. ஒன்று பச்சை, ஒன்று கறுப்பு. டொக்டர் பச்சைக்காரர், லெனார்ட்ஸ் கறுப்புக்காரர். ஆளுக்கு ஆறு பேர். ஜெர்மனியில் கட்சிகளுக்கும் நிறப் பெயர்கள் உண்டு என்பதால், இந்த நிறங்களுக்கும் தேர்தலில் நிற்கும் கட்சிகளுக்கும் தொடர்பில்லை என்று ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் எழுந்து நின்று சொல்லிக்கொள்வார்கள்.

டொக்டர் கண்ணைத் திறந்தார். "நீங்கள் வேட்டையாடுவதுண்டா?"

"இல்லை."

"ஆட விருப்பமுண்டா?"

"இல்லை. நீங்கள் ஆடினால் எனக்குப் போதும்."

"பைனாகுலர் வைத்திருக்கிறீர்களா?"

"எனக்கென்னத்துக்கு?"

பன்னிரண்டு முகங்களும் மலர்ந்தன. வாக்குகள் சமமாகப் பிரிந்தால் முடிவு செய்ய, வேட்டையில் எந்த அக்கறையும் இல்லாத வெளியாள் ஒருவரை 'நடுநிலைக் கண்' என்று நியமிக்க வேண்டும் என்பது சங்க விதி. அக்கறை இல்லாத ஆள் கிடைக்காமல் எட்டு மாதம் தேடியிருந்தார்கள். உடனே கைகள் உயர்ந்தன. பிறகு எல்லாரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டினார்கள்; அங்கே அதுதான் கைதட்டல். பன்றி விஷயம் நிறைவேறிவிட்டது என்று நினைத்துத் தேவமலரும் மேசையைத் தட்டினாள்.

வீட்டில் சில்வெஸ்டர் தேத்தண்ணியோடு காத்திருந்தார்.

"என்னவாம்?"

"என்னைக் கொமிற்றியிலை சேர்த்துப்போட்டினம்."

"பண்டியை?"

"பண்டியை இன்னும் சேர்க்கேல்லை."

ஜூன் மாதம் மொழிக்குப் போனது. வேட்டைக்காரரின் மொழி தெரியாத கண் எதையும் பார்க்க முடியாது என்று டொக்டர் கருதினார். பன்றிக்குக் காது கிடையாது, அவை தட்டுகள். மானுக்குக் கண் கிடையாது, அவை விளக்குகள். இரத்தம் என்று சொல்லவே கூடாது, வியர்வை. தவறாகச் சொன்னால் எல்லாருக்கும் பியர் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

"பண்டி என்ர வயலுக்கை நிண்டு காதை ஆட்டிக்கொண்டு..." என்று தொடங்கினாள் தேவமலர்.

"தட்டு!" என்று பன்னிரண்டு குரல்கள்.

"சரி. தட்டை ஆட்டிக்கொண்டு, கிழங்கைத் திண்டது."

"தின்னவில்லை. உடைத்தது" என்று திருத்தினார் டொக்டர். "பன்றி நிலத்தை உடைக்கும். நீங்கள் சொல்வதைக் கேட்டால் ஏதோ சேதம் நடந்ததுபோல ஒலிக்கிறது."

ஜூலையில் கழுத்துச் சோதனை. வேட்டைக்காரன் பைனாகுலரைக் கண்ணில் வைப்பதைவிடக் கழுத்தில் தொங்கவிடும் நேரமே அதிகம் என்பதால், இரண்டையும் மாறிமாறித் தொங்கவிட்டு, ஊதுகொம்புக்காரர்கள் ஒரு முழு வரவேற்பிசை ஊதி முடியும்வரை நிற்க வேண்டும். யார் கழுத்து முதலில் வலிக்கிறது என்று பார்ப்பார்கள். சோதனை உண்மையான சூழலில் நடக்க வேண்டுமென்று அதைத் தேவமலரின் வயல் வரப்பிலேயே வைத்தார்கள். ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் கொம்பு ஊதியது. முதல் சனிக்கிழமை பன்றிகள் காட்டுக்குள் ஓடின. இரண்டாம் சனிக்கிழமை நின்று கேட்டன. மாதக் கடைசியில் கொம்புச் சத்தம் கேட்டதும் வரத் தொடங்கின. கொம்பு ஊதினால் அங்கே யாரும் சுடமாட்டார்கள் என்பதைப் பன்றிகள் கண்டுகொண்டன. சங்கம் பன்றிகளைப் பற்றி இன்னும் ஒன்றும் கண்டுகொள்ளவில்லை.

ஓகஸ்டில் ஒரு மீட்டர் பிரச்சினை வெடித்தது. மண்டப வாசலில் நின்று தேவாலயக் கோபுரத்தை அளந்தபோது பச்சை நானூற்றுப் பன்னிரண்டு என்றது, கறுப்பு நானூற்றுப் பதின்மூன்று என்றது. அந்த ஒரு மீட்டர் எங்கே போனது என்று இரு தரப்பும் மூன்று கூட்டங்கள் வாதாடின. பச்சை ஒரு மீட்டரைத் திருடுகிறது என்றார் லெனார்ட்ஸ். கறுப்பு இல்லாத மீட்டரைக் கட்டிவிடுகிறது என்றார் டொக்டர். சங்கத்துக்குள் இருந்த மாமன் மச்சான்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

தேவமலருக்குப் பொறுக்கவில்லை. தன்னிடம் வெந்தயக்கீரை வாங்கும் ஸ்ரீநிவாஸைக் கூட்டிவந்தாள். ஆஹென் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அளவீட்டுக் கருவிகளைப் பற்றியே ஆராய்ச்சி செய்கிற சென்னைப் பையன். அவன் இரண்டையும் ஒரு மத்தியானம் முழுக்கச் சோதித்துவிட்டு அவளிடம் வந்தான்.

"அக்கா, இதுல ப்ராப்ளமே இல்ல. ரெண்டுலயும் ஒரு மீட்டர் முன்னப்பின்ன வரும், மேனுவல்லயே போட்டிருக்கான். எதை வேணா வாங்கலாம். பன்னி ஒரு மீட்டர் நீளத்துக்கு மேல இருக்குல்ல?"

"அதையே அவையளுக்குச் சொல்லும் தம்பி."

அவன் சொன்னான். டொக்டர் எழுந்தார்.

"இளைஞரே, உங்கள் உழைப்புக்கு நன்றி. ஆனால் நாங்கள் கேட்டது தீர்ப்பு. நீங்கள் தந்திருப்பது உண்மை. உண்மையை வைத்துக்கொண்டு ஒரு சங்கம் என்ன செய்ய முடியும்? இரண்டும் சரி என்றால் இத்தனை பேர் இத்தனை மாதம் எதற்காகக் கூடினோம்?"

மீட்டர் பிரச்சினை வெடித்த பிறகு முதல் முறையாக லெனார்ட்ஸும் டொக்டரோடு சேர்ந்து மேசையைத் தட்டினார்.

இதற்குள் கிழங்கு போய்விட்டிருந்தது. சோளத்தில் பால்பிடிக்கத் தொடங்கியதும் பன்றிகள் அதற்கு மாறின. தண்டை முறித்துச் சாய்த்து, பொத்தியில் இரண்டு கடி கடித்துவிட்டு அடுத்ததுக்குப் போயின. வயலின் கீழ்ப்பக்கத்துப் பூசணி மட்டும்தான் மீதி. தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்களாம் என்று சில்வெஸ்டர் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சும்மா சொல்வதுபோலச் சொன்னார். தேவமலர் எழுந்து கோப்பையைக் கழுவினாள். கழுவின கோப்பையையே திரும்பவும் கழுவினாள்.

மறுநாள் அவள் டொக்டரின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"நான் நடுநிலைக் கண் தானே? எனக்குக் கண்ணாலை பாக்கவேணும். கோபுரம் வேண்டாம். பண்டியை அளவுங்கோ. என்ர வயலிலை, இந்தக் கிழமையே."

டொக்டருக்கு அது பிடித்துப்போனது. 'இறுதிக் களச் சோதனை' என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார். உண்மையான பன்றி, உண்மையான தூரம், அளந்ததும் சுடவும் அனுமதி.

குறித்த மாலையில் வெயில் சாயும்போது வந்தார்கள். பச்சைக்காரர்கள் வயலின் மேல்முனையில் நின்றார்கள். கறுப்புக்காரர்கள் கீழ்முனையில் நின்றார்கள். ஒரே முனையில் நிற்க இரு தரப்பும் மறுத்துவிட்டிருந்தன. தேவமலரை நடுவில், பாதையோரம், தன் பழைய வான் வண்டிக்குள் இருந்து நடுநிலையாகப் பார்க்கச் சொன்னார்கள். சில்வெஸ்டரும் பக்கத்தில் ஏறி இருந்துகொண்டார்.

தொடக்க இசையாகக் கொம்பு ஊதியது. அழைப்புக் கிடைத்த விருந்தாளிகள்போல் பன்றிகள் வந்தன. முன்னால் கடுவன் என்கிற ஒரு பெரிய கிழட்டு ஆண்பன்றி, பின்னால் போன வருடத்துக் குட்டிகள். சோளத்துக்குள் நுழைந்து தண்டுகளை முறிக்கும் சத்தம் வண்டிவரை கேட்டது.

"பதினொரு மீட்டர்!" என்றது மேல்முனை.

பன்றி நின்றதோ வயலின் நடுவில். டொக்டரின் மூக்குக்கு நேரே அசைந்த ஒரு சோள இலையில் ஒளி பட்டுத் திரும்பியிருந்தது. ஆனாலும் பதினொன்று என்று கருவி காட்டிவிட்டதால் பதினொன்று என்றே அறிவிக்கப்பட்டது.

"தொண்ணூற்று நான்கு!" என்றது கீழ்முனை. "சுடத் தயார். ஆனால் எங்கள் பன்றிக்குப் பின்னால் நீங்கள் நிற்கிறீர்கள்!"

"எங்கள் பன்றிக்குப் பின்னால்தான் நீங்கள் நிற்கிறீர்கள்!" என்றார் டொக்டர். "ஒதுங்குங்கள்!"

"முதலில் நீங்கள் ஒதுங்குங்கள். நாங்கள் சரியான தூரத்தை வைத்திருக்கிறோம்!"

"அது என்ர சோளனைத் திண்டுகொண்டு நிக்கிற பண்டி" என்றாள் தேவமலர். யாருக்கும் கேட்கவில்லை.

இடம் மாறுவதற்கான அறிவிப்பைக் கொம்பில்தான் கொடுக்க வேண்டும். மேல்முனை ஊதியது. கீழ்முனை மறுத்து ஊதியது. இரண்டு பக்கமும் இசை பெருகியதும் காட்டுக்குள் இருந்து இன்னும் மூன்று பன்றிகள் வந்து சேர்ந்துகொண்டன. பின்பு பன்றியை விட்டுவிட்டு ஒருவரையொருவர் அளக்கத் தொடங்கினார்கள். ஹெர் லெனார்ட்ஸ் இருநூற்று மூன்று மீட்டரில் நிற்பதாக டொக்டரும், டொக்டர் இருநூற்று நான்கு மீட்டரில் நிற்பதாக ஹெர் லெனார்ட்ஸும் அறிவித்தார்கள்.

பன்றிகள் பூசணிப் பக்கம் திரும்பின.

"இஞ்சேருங்கோ, இறுக்கிப் பிடியுங்கோ" என்றாள் தேவமலர்.

"என்ன செய்யப் போறீர்?" என்று சில்வெஸ்டர் கேட்டு முடிப்பதற்குள் வான் வரப்பைத் தாண்டிச் சோளத்துக்குள் இறங்கியது. ஒரு கை ஸ்டியரிங் வளையத்தில், மற்றக் கை ஹோர்னில். தண்டுகள் கண்ணாடியில் அடித்து மடிந்தன. எட்டு மாதம் தேடியெடுத்த நடுநிலைக் கண் அந்த நேரம் வாய்விட்டு, யாழ்ப்பாணத்துச் சந்தையில் கேட்கிற தமிழில் பன்றிகளைத் திட்டிக்கொண்டே ஓட்டியது. ஹோர்ன் கொம்பு மாதிரி இல்லை என்று பன்றிகளுக்கு விளங்கிவிட்டது. வாலைத் தூக்கிக்கொண்டு, ஓடையைத் தாண்டி, மேட்டுக்கு அந்தப்பக்கம் மறைந்தன.

டொக்டர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"ஃபிராவ் சில்வெஸ்டர்! நீங்கள் வேட்டைக்கு இடையூறு செய்துவிட்டீர்கள்!"

தேவமலர் கண்ணாடியை இறக்கினாள். "வேட்டை நடந்ததோ? நான் கவனிக்கேல்லை."

மேட்டுக்கு அந்தப்பக்கம் சங்க மண்டபம். இலையுதிர் காலத்தில் வரவிருந்த நூற்றாண்டு விழாவுக்காக அதன் முன்னால் புதுப் புல்வெளி விரித்து, இரண்டு வாரமாகத் தண்ணீர் பாய்ச்சி வளர்த்திருந்தார்கள். ஈரப் புல்லுக்கு அடியில் கொழுத்த புழுக்கள் இருக்கும் என்பது பன்றிக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயம் இல்லை. மறுநாள் காலை டொக்டர் போய்ப் பார்த்தபோது புல்வெளி பாய் சுருட்டியதுபோல் சுருண்டு கிடந்தது.

அன்று மாலை பூசணிக் கொடிகளை எடுத்துவிட்டுக்கொண்டிருந்த தேவமலருக்கு மேட்டுக்கு அப்பாலிருந்து வெடிச் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, பிறகு எண்ண முடியாமல். கொம்பு ஊதவில்லை. சில்வெஸ்டரை ஏற்றிக்கொண்டு போனாள்.

கிழிந்த புல்லின்மேல் ஐந்து பன்றிகள் வரிசையாகக் கிடந்தன. கடைசிக் கவளம் என்று ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு சிறு மரக்கிளையை வைத்து, தொப்பியைக் கழற்றி மரியாதை செய்துகொண்டிருந்தார்கள். டொக்டர் வீட்டுச் செருப்போடு நின்றார். லெனார்ட்ஸின் கையில் இன்னும் கோப்பிக் கோப்பை இருந்தது. பச்சையும் கறுப்பும் தோளோடு தோள் நின்றன.

"எத்தனை மீட்டரிலை சுட்டனீங்கள்?" என்று கேட்டாள் தேவமலர்.

"என்ன?"

"தூரம். அளந்தனீங்கள்தானே?"

டொக்டர் மண்டபத்தின் சன்னலைப் பார்த்தார். அதற்குள் இரண்டு பைனாகுலரும் பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்தன.

"ஃபிராவ் சில்வெஸ்டர்," என்றார் அவர், குழந்தைக்கு விளக்குவதுபோல, "அவை எங்கள் புல்லில் நின்றன."

அடுத்த வாரம் கால்நடை வைத்தியர் இறைச்சியைச் சோதித்து நல்லது என்று சொல்லிவிட்ட பிறகு, சங்கம் கூடியது. மேசையில் வாட்டிய பன்றி இறைச்சியும் ரொட்டியும் பியரும். கருவியைத் தேர்வதற்கான இறுதி வாக்கு எடுக்கப்பட்டது. ஆறுக்கு ஆறு. எல்லாரும் தேவமலரைப் பார்த்தார்கள்.

"வாக்குப் போட முதல் ஒண்டு கேக்கவேணும்" என்றாள் அவள். "தூரம் அளக்காமல் சுடக்கூடாது எண்டுதானே தீர்மானம்? அப்ப இந்த அஞ்சு பண்டியையும் என்ன கணக்கிலை வைக்கிறது?"

மெல்லுகிற வாய்கள் நின்றன. டொக்டர் கத்தியை வைத்துவிட்டுக் கண்களை மூடினார். நெடுநேரம் மூடியிருந்தார். திறந்தபோது முகத்தில் ஒளி இருந்தது.

"மிகவும் முக்கியமான கேள்வி. தீர்மானத்தின்படி தூரம் அளக்காமல் இந்தச் சங்கம் சுடாது. தூரம் அளக்கப்படவில்லை. ஆகவே சங்கம் சுடவில்லை. சங்கம் சுடாததால், சங்கத்தைப் பொறுத்தவரை அந்தப் பன்றிகள் உயிரோடு இருக்கின்றன."

"அருமை!" என்றார் லெனார்ட்ஸ், தன் தட்டில் ஒரு துண்டை வெட்டிக்கொண்டே. "பன்றிகள் இன்னும் காட்டில் இருப்பதால் கருவியின் தேவை முன்னைவிட அவசரமாகிறது."

பன்னிரண்டு பேரும் மேசையைத் தட்டினார்கள். அந்த ஆண்டில் ஒருமனதாக நிறைவேறிய இரண்டாவது முடிவு அது. முதலாவது தேவமலர்.

அவள் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு மிகவும் பணிவாகக் கேட்டாள்.

"குளிர் அறையிலை தொங்குற இறைச்சி?"

"என்ன இறைச்சி?" என்றார் டொக்டர். "பன்றிகள் காட்டில் இருக்கின்றன. இப்போதுதான் முடிவெடுத்தோம்."

"ஓம். அப்ப அந்தக் குளிர் அறையிலை ஒண்டும் இல்லை."

"ஒன்றும் இல்லை."

"இல்லாததை ஒருத்தி எடுத்துக்கொண்டு போனால் சங்கத்துக்கு நட்டம் இல்லைத்தானே?"

விதிகள் தெரிந்த மூன்று பேர் தலையைச் சேர்த்துக் கிசுகிசுத்தார்கள். தடை எதுவும் தென்படவில்லை. இல்லாத பொருளை எடுத்துச் செல்வதைப் பற்றிச் சங்கத்துக்கு முன் அனுபவம் கிடையாது. டொக்டர் கையை விரித்தார்.

"உங்கள் வாக்கு, ஃபிராவ் சில்வெஸ்டர்? பச்சையா, கறுப்பா?"

"நான் வேட்டையிலை அக்கறை இல்லாத ஆள் எண்டுதானே எடுத்தனீங்கள்? இப்ப எனக்கு அக்கறை வந்திட்டுது. இனி நான் நடுநிலை இல்லை. வேறை கண் பாருங்கோ."

இதையும் மறுக்க முடியவில்லை. விதி விதிதான். அவர்கள் எழுந்து நின்று அவளுக்கு நன்றி சொன்னார்கள். கடுவனின் ஒரு முழுப் பின்னங்காலை வண்டியில் ஏற்ற லெனார்ட்ஸே கைகொடுத்தார். பாரமாக இருந்ததா என்று யாரோ கேட்டதற்கு, அப்படி எதையும் தான் தூக்கவில்லை என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து தேவமலர் அடுப்பை மூட்டினாள். வறுத்த தூளும் உள்ளியும் இஞ்சியும் போட்டு, பன்றி இளகும்வரை மூடிவிட்டாள். தப்பிய பூசணிகள் வாசலில் அடுக்கிக் கிடந்தன. மத்தியானம் கடைக்காரர் வந்து ஏற்றிப்போவதாகச் சொல்லியிருந்தார். வருகிற வருடத்துக்கு மின்கம்பி வேலி போடலாம், கொம்பு ஊதுகிறவர்களையும் அது வெளியே வைக்கும் என்று சில்வெஸ்டர் சொல்லிக்கொண்டிருந்தார். பிஸ்கட் தொழிற்சாலை பற்றி அவர் பேசவில்லை.

சோற்றில் குழம்பை விட்டுப் பிசைந்து ஒரு வாய் வைத்தவர் சற்று நின்றார். இன்னொரு வாய் வைத்துப் பார்த்தார்.

"மலர், என்ன போட்டனீர்? இறைச்சி ஒரு மாதிரி இனிக்குது."

"இனிக்கும்தானே," என்றாள் தேவமலர், அவருடைய சோற்றுக் கோப்பையில் இன்னும் ஒரு துண்டை வைத்து. "கோடை முழுக்க எங்கடை சோளனைத் திண்ட பண்டி. பண்டியின்ர பல்லுக்கடியிலை போய் வந்தாலென்ன, அறுவடை அறுவடைதான். சாப்பிடுங்கோ."